எத்தனை மானைச் சுடலாம்? அமெரிக்க மாநில வனவிலங்கு உயிரியலாளர் அந்த எண்ணுக்கு வரும் வழி

கேள்வி: வயோமிங், கொலராடோ, மொன்டானா போன்ற மாநிலங்களில் ஒவ்வோர் ஆண்டும் மான், எல்க் (பெரிய மான் இனம்) வேட்டைக்கு இத்தனை லைசென்ஸ் என்று அரசே எண் போடுகிறதாமே. அந்த எண் எங்கிருந்து வருகிறது? அதைப் போடும் அரசு உயிரியலாளரின் வேலை எப்படி இருக்கும்? என்ன படித்திருக்க வேண்டும்?

முதலில் ஒரு திருத்தம். எண்ணை முன்மொழிபவர்தான் உயிரியலாளர். முடிவு செய்வது ஆளுநர் நியமிக்கும் உறுப்பினர்களைக் கொண்ட ஆணையம். விவசாயிகள், வேட்டைக்காரர்கள், வழிகாட்டித் தொழில் செய்பவர்கள் எல்லோருடைய குரலும் அங்கே போய்ச் சேரும். உயிரியலாளரின் எண் அப்படியே நிறைவேறும் ஆண்டும் உண்டு, பாதியாக வெட்டப்படும் ஆண்டும் உண்டு.

இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை என்றாலே குற்றம் என்று பழகிய நமக்கு இந்த ஏற்பாடு விசித்திரமாகத் தோன்றும். அங்கே காட்டு விலங்கு நிலத்துக்குச் சொந்தக்காரருடையது அல்ல. மக்களின் சார்பில் மாநில அரசு அதைப் பொறுப்பில் வைத்திருக்கிறது. மான் மேயும் புல் மத்திய அரசின் வனத்துறை நிலத்தில் இருக்கலாம், தனியார் பண்ணையில் இருக்கலாம், மானின் கணக்கு மாநிலத்திடம்தான். தேசியப் பூங்காக்களும் பழங்குடி ஒதுக்கீட்டு நிலங்களும் முக்கியமான விதிவிலக்குகள். பணம் வரும் வழியையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வேலை புரியும். லைசென்ஸ் கட்டணம் ஒன்று. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் மற்றொன்று. நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம் என்று தயாரிப்பாளரிடம் வசூலிக்கும் வரி மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. மாநிலம் ஒரு டாலர் போட்டால் மத்தியில் இருந்து மூன்று டாலர் வரும். லைசென்ஸ் பணத்தை வனவிலங்குத் துறைக்கு வெளியே செலவழித்தால் இந்த நிதி நின்றுவிடும். சுருக்கமாக, உயிரியலாளருக்குச் சம்பளம் கொடுப்பவர் பெரும்பாலும் வேட்டைக்காரர். பொதுக்கூட்டத்தில் அவர்கள் அதை நினைவூட்டவும் தவறுவதில்லை.

வேலையின் அடிப்படை அலகு 'மந்தை'. கண்ணில் படும் கூட்டத்தைச் சொல்லவில்லை. கோடையில் மலை உச்சியிலும் குளிர்காலத்தில் கீழே புதர்வெளியிலும் வாழ்ந்து, தங்களுக்குள்ளேயே இனம்பெருக்கும் ஒரு தொகுதி அது. அதன் எல்லையைத் தப்பாக வரைந்தால் மற்ற எல்லாமே தப்பாகும். டிசம்பரில் இங்கே எண்ணிய மான் அக்டோபரில் வேறொரு வேட்டைப் பகுதியில் சுடப்படும், இரண்டு கணக்கும் பொருந்தாது. வயோமிங்கின் ரெட் டெசர்ட்டிலிருந்து ஹோபேக் வரை சுமார் 240 கிலோமீட்டர் நடக்கும் மியூல் மான்களின் (மேற்கு அமெரிக்காவின் பெரிய காதுள்ள மான் இனம்) பாதை ஜிபிஎஸ் கழுத்துப்பட்டைகள் வந்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை அந்தக் குளிர்கால மான்களெல்லாம் உள்ளூர் மான்கள் என்றே கருதப்பட்டன.

இனி எண்ணுக்கு வருவோம். மியூல் மானை முழுவதும் எண்ணித் தீர்க்க யாராலும் முடியாது. எண்ணுவது விகிதத்தைத்தான். 100 பெண் மானுக்கு எத்தனை ஆண், எத்தனை குட்டி? இதற்கான ஹெலிகாப்டர் பறப்பு வேட்டைப் பருவம் முடிந்ததும் தொடங்கும், பெரும்பாலும் டிசம்பரில். அப்போது இணைசேரும் காலம் நடந்துகொண்டிருக்கும் அல்லது சற்றுமுன் முடிந்திருக்கும், அதனால் ஆண்கள் பெண்களோடு கலந்து நிற்கும், கொம்பும் இன்னும் விழுந்திருக்காது. ஒரு மாதம் தள்ளிப்போனால் கொம்பு உதிர்ந்த ஆண்களைப் பெண்கள் பட்டியலில் எழுதிவிடுவோம். ஆண் குறைந்து பெண் கூடி, இரண்டு பக்கமும் பிழை ஏறும். குட்டியை அடையாளம் காண உடலளவை மட்டும் நம்பக்கூடாது. முகம் பார்க்க வேண்டும். குட்டிக்கு மூக்குப் பகுதி குட்டையாக இருக்கும். ஒன்றரை வயது ஆணின் சின்னக் கொம்பு ஹெலிகாப்டர் வேகத்தில் காதுக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரு முறை ஓடவிட்டு, தலைகள் பக்கவாட்டில் திரும்பும்போது எண்ணுவார்கள், அதற்குமேல் விரட்ட மாட்டார்கள். பனியில் ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் அதன் கொழுப்பிலிருந்து போகிறது.

எல்க் விஷயம் வேறு. குளிர்காலத்தில் பெரிய கூட்டமாக வெளியில் நிற்பதால் அதை நேரடியாகவே எண்ணுவார்கள், பொதுவாக ஜனவரி முதல் மார்ச் வரை, தரை முழுக்கப் பனி மூடியிருக்கும் நாளில். ஆனால் வயதான ஆண்கள் தனியாக மேலே மரங்களுக்குள் ஒதுங்கிவிடும். வந்த ஆண் எண்ணிக்கையை எப்போதும் குறைந்தபட்சம் என்றே கொள்ள வேண்டும்.

கண்ணில் படாததற்கு என்ன செய்வது? 1980-களில் ஐடஹோவில் இதற்கு ஒரு முறை உருவானது. முதலில் கழுத்துப்பட்டை போட்ட எல்க்குகளை மேலிருந்து தேடினார்கள். எவை கண்ணில் பட்டன, எவை தப்பின, அப்போது கூட்டம் எவ்வளவு பெரிது, மரமறைவு எத்தனை சதவீதம் என்று குறித்தார்கள். அதிலிருந்து ஒரு கூட்டம் கண்ணில் படும் வாய்ப்பைக் கணக்கிடலாம். திறந்த சரிவில் 30 எல்க் நின்றால் வாய்ப்பு கிட்டத்தட்ட 1. அடர்ந்த மரங்களுக்குள் இரண்டு படுத்திருந்தால் அது 0.4 ஆக இருக்கலாம். அப்படியானால் பார்த்த ஒவ்வொன்றையும் 2.5 என்று எழுத வேண்டும். இதில் ஓர் ஆபத்து உண்டு. மறைவு 80 சதவீதம் என்று ஒருவர் கண்மதிப்பாக எழுதுவதும், 60 என்று இன்னொருவர் எழுதுவதும் இறுதி எண்ணையே மாற்றிவிடும். அதனால் பறக்கும் முன் புகைப்பட அட்டைகளை வைத்துக் கண்ணைப் பழக்குவது கட்டாயம். மரமறைவை மதிப்பிடும் வட்டத்தை மலைச்சரிவு முழுவதற்கும் எடுக்காமல், முதலில் கண்ட விலங்கைச் சுற்றிச் சில மீட்டருக்கு மட்டும் எடுக்க வேண்டும். புதியவர்கள் தவறும் இடம் இதுதான்.

ஹெலிகாப்டர் மணிக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும். பணத்தைவிட உயிர்தான் கவலை. 1937 முதல் 2000 வரை பணியில் இறந்த அமெரிக்க வனவிலங்குப் பணியாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் விமான, ஹெலிகாப்டர் விபத்துகளில் போனவர்கள். காற்று சரியில்லை என்று பறப்பை ரத்து செய்யும் உரிமை விமானி உட்பட உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும்.

விகிதம் மட்டும் போதாது, எத்தனை உயிர் பிழைக்கிறது என்றும் தெரிய வேண்டும். இதற்குத்தான் கழுத்துப்பட்டை. வலைத்துப்பாக்கியோடு ஹெலிகாப்டரில் வருபவர்கள் மானை மடக்கி, கண்ணைக் கட்டி, கால்களைப் பிணைத்து, ஆசனவாயில் வெப்பமானி வைப்பார்கள். இயல்பு 38, 39 டிகிரி. 41-ஐத் தொட்டால் மற்ற அளவுகளை விட்டுவிட்டு, பனியை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் அள்ளிவைத்து உடனே அவிழ்த்துவிட வேண்டும். அதிகம் ஓடிய மானின் தசை சிதைந்துபோகும். பட்டை கட்டி நன்றாக ஓடிப்போன மான் ஒரு வாரம் கழித்துச் செத்துக் கிடக்கும். அதனாலேயே பிடித்த முதல் இரண்டு வாரத்துச் சாவுகளை உயிர்பிழைப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் நாம் கொன்றதற்குப் பனிமேல் பழி போட்டதாகும். ஆண் மானுக்குப் பட்டை போடும்போது இணைசேரும் பருவத்தில் கழுத்து பெருக்கும் என்பதை மறக்கக்கூடாது. குட்டிக்கு விரியும் பட்டைதான்.

பட்டை சில மணி நேரம் அசையாவிட்டால் செய்தி அனுப்பும். செய்தி வந்த 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் காகமும் கயோட்டியும் (ஓநாய் வகைச் சிறு விலங்கு) சாட்சியைத் தின்றுவிடும். போனதும் சடலத்தைத் தொடாமல் சுற்றி நடந்து தடம் பார்ப்பது முதல் வேலை. பிறகு கழுத்துத் தோலை உரித்துப் பல் பட்ட துளைகளைத் தேட வேண்டும். துளையைச் சுற்றி அடித்தோலில் இரத்தம் கட்டியிருந்தால் கடிபட்டபோது இதயம் ஓடிக்கொண்டிருந்தது, அதாவது வேட்டையாடப்பட்டிருக்கிறது. துளை இருந்தும் இரத்தக்கட்டு இல்லையென்றால் செத்த பிறகு ஏதோ விலங்கு தின்றிருக்கிறது. தொண்டையிலோ பிடரியிலோ கடி, பிடுங்கிய முடிக்குவியல், விலா எலும்புக்குப் பின்னால் திறந்த வயிறு, மேலே பனியும் சுள்ளியும் போட்டு மூடியிருந்தால் பூமா (மலைச்சிங்கம்). தோல் உள்பக்கம் வெளியே வரும்படி உரிந்திருந்தால் கரடியைச் சந்தேகிக்கலாம்.

கடைசியாகத் தொடை எலும்பை உடைத்து மஜ்ஜையைப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் இருந்த மானின் மஜ்ஜை வெள்ளையாக மெழுகுபோல் கெட்டியாக இருக்கும். பட்டினி கிடந்த மானின் மஜ்ஜை சிவந்து ஜெல்லியாகத் தளதளக்கும். மானின் உடல் கடைசியாகச் செலவழிக்கும் கொழுப்பு அது. அதுவும் போய்விட்டதென்றால், அன்று பூமா பிடிக்காமல் இருந்திருந்தாலும் அந்த மான் மார்ச் மாதத்தைப் பார்த்திருக்குமா என்பது சந்தேகம். 'பூமா கொன்றது' என்ற ஒரே வரியைத் தாளில் எழுதிவிட்டு வருபவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார். பூமாவைச் சுட்டால் மான் பெருகும் என்று கூட்டத்தில் வரும் வாதத்துக்குப் பதில் அந்த மஜ்ஜையில்தான் இருக்கிறது.

இப்போது கணக்கு. ஒரு கற்பனை மந்தையை எடுத்துக்கொள்வோம். வேட்டை முடிந்த டிசம்பரில் 10,000 மியூல் மான், விகிதம் 30 ஆண் : 100 பெண் : 60 குட்டி. பிரித்தால் பெண் 5,263, ஆண் 1,579, குட்டி 3,158. வேட்டை தவிர்த்த சாவுகளைத் தாண்டிப் பெண்ணில் 85 சதவீதமும், ஆணில் 80 சதவீதமும், குட்டியில் 65 சதவீதமும் அடுத்த இலையுதிர் காலம்வரை பிழைக்கின்றன என்று வைப்போம். பெண் 4,474 மிஞ்சும். குட்டிகள் 2,053 வளர்ந்து பாதி பாதியாகச் சேரும். பெண் 5,500, ஆண் 2,289 ஆகிறது. மந்தை பெருகவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்பது திட்டமானால் பெண்ணில் 237, ஆணில் 710 கழியலாம். சுட்டு, காயம்பட்டு, கைக்குக் கிடைக்காமல் போய்ச் சாவதற்கு 10 சதவீதம் ஒதுக்கினால் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய ஆண் 645. லைசென்ஸ் வாங்கியவரில் 45 சதவீதத்தினருக்கே மான் கிடைக்கிறது என்றால் 645-ஐ 0.45-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 1,430 ஆண் மான் லைசென்ஸ்.

இதில் ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள். குளிர் கடுமையாகி, குட்டி பிழைப்பு 65-க்குப் பதில் 35 சதவீதம். பெண் 5,027-தான் தேறும். சென்ற ஆண்டைவிடக் குறைவு, ஆக ஒரு பெண்ணைக்கூடச் சுட இடமில்லை. ஆண் 1,816. விகிதத்தை 30-இல் நிறுத்த 308 கழியலாம். மேலே செய்த அதே வகுத்தலைச் செய்தால் லைசென்ஸ் சுமார் 620. பாதிக்கும் குறைவு! குட்டி பிழைப்பு ஆண்டுக்கு ஆண்டு இப்படித்தான் ஊசலாடும். பெண்ணின் 85 சதவீதம் அவ்வளவாக அசையாது, ஆனால் அது அசைந்தால் மந்தை சரியும். என் கருத்தில் பட்டைக்கு ஒதுக்கும் பணம் குறைவாக இருக்கும்போது அதை முதலில் பெண்ணுக்கும் குட்டிக்கும் செலவழிக்க வேண்டும். ஆணைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், மந்தையின் தலைவிதி பெண்ணிடம் இருக்கிறது.

2022-23 குளிர்காலம் இதை மேற்கு வயோமிங்கில் காட்டியது. வயோமிங் ரேஞ்ச் மந்தையில் பட்டை போட்டிருந்த குட்டிகள் எல்லாமே செத்தன. பட்டை போட்ட பெண் மான்களிலும் சுமார் 70 சதவீதம் போயின. மாநிலம் மான், பிராங்ஹார்ன் (மறிமான் போன்ற விலங்கு) லைசென்ஸ்களை ஆயிரக்கணக்கில் வெட்டியது. அப்படிப்பட்ட குளிர்காலத்தில் வைக்கோல் போடச் சொல்லித் தொலைபேசி ஓயாது. நல்ல மனதோடு கேட்கிறார்கள், ஆனால் மியூல் மானின் இரைப்பை நுண்ணுயிர்கள் குளிர்காலத்தில் புதர் இலைக்கும் சுள்ளிக்கும் பழகியவை. திடீரென்று வைக்கோல் கொடுத்தால் அதைச் செரிக்க அவற்றால் ஆகாது. வயிறு நிறைய வைக்கோலோடு மான் பட்டினியால் சாகும். சோளம் போட்டால் இரைப்பையில் அமிலம் பெருகி இன்னும் சீக்கிரம் முடியும். எல்க் வைக்கோலைத் தாங்கும், மேற்கு வயோமிங்கில் அரசே எல்க்குக்குத் தீவனம் போடும் இடங்களும் உண்டு. கால்நடைப் பண்ணையின் வைக்கோல்போரிலிருந்து எல்க்கை விலக்கிவைக்கத் தொடங்கிய ஏற்பாடு அது. நெருக்கி நிறுத்தியதன் விலையாகப் புரூசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவு நோய் அங்கே நிலைத்துவிட்டது.

சுடப்பட்டது எத்தனை என்பதை வேட்டைக்காரரிடம் கேட்டுத்தான் அறிய முடியும். ஐடஹோ கட்டாய அறிக்கை கேட்கிறது. பல மாநிலங்கள் சிலரை மட்டும் மாதிரியாக எடுத்து வினாப்படிவமோ தொலைபேசியோ வழியாகக் கேட்கின்றன. மான் கிடைத்தவர் ஆர்வமாகப் பதில் சொல்வார், கிடைக்காதவர் படிவத்தைக் குப்பையில் போடுவார். அப்படியே கூட்டினால் வெற்றி விகிதம் பொய்யாக ஏறும், அடுத்த ஆண்டு லைசென்ஸ் குறைந்துபோகும். பதில் தராதவர்களில் சிலரைத் தேடிப்பிடித்துக் கேட்டு அந்தச் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். வேட்டைக்காரர்களை நிறுத்திப் பார்க்கும் சோதனைச் சாவடியில், சுட்ட மானின் முன்வெட்டுப் பல் ஒன்றை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினால், வேரில் ஆண்டுக்கொன்றாகப் படியும் வளையங்களை எண்ணி வயது சொல்வார்கள்.

சாவடியில் இப்போது இன்னொரு வேலையும் கூடிவிட்டது. மானின் மூளையைத் துளைத்துச் சாகடிக்கும் நாட்பட்ட நலிவு நோய், கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் 1967-இல் முதலில் கண்ணில் பட்டது. 1981-இல் காட்டு எல்க்கிலும் வந்தது. கிருமி இல்லை, உருமாறிய புரதம். மருந்து இல்லை. மண்ணில் பல ஆண்டு தங்கும். சோதனைக்குத் தேவை தொண்டைக்குப் பின்னால் இருபுறமும் உள்ள நிணநீர்க்கணு. தலையைத் துண்டித்த வெட்டு மேலே ஏறிவிட்டால் அது கழுத்தோடு போயிருக்கும். பக்கத்திலேயே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்து அனுப்புவது வழக்கமான பிழை. சுரப்பி திராட்சைக்கொத்துபோல் முண்டு முண்டாக இருக்கும், கணு வழவழப்பாக, வெட்டினால் ஒரே சீராக இருக்கும். வளர்ந்த ஆண்களிடம் நோய் பெண்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. வயதான ஆண்களைக் கூடுதலாகச் சுடச்சொல்லி உயிரியலாளர் பரிந்துரைப்பார். பெரிய கொம்புக்காக ஆண்டுக்கணக்கில் லைசென்ஸ் குலுக்கலில் காத்திருப்பவர் எதிர்ப்பார். தீராத சண்டை.

பிப்ரவரி, மார்ச்சில் பொதுக்கூட்டங்கள் தொடங்கும். வயோமிங்கில் ஆணையம் ஏப்ரலில் முடிவு சொல்லும். கூட்டத்தில் எண்ணை ஒற்றையாகச் சொல்வது பெரிய பிழை. 10,000 என்பது உண்மையில் 8,500-க்கும் 11,500-க்கும் இடையில் எங்கோ இருக்கலாம். அந்த வீச்சை முதலிலேயே சொன்னவரை அடுத்த ஆண்டு யாரும் மடக்க முடியாது. எல்க் கூட்டங்களில் புகார் தலைகீழாக வரும். ஒரு பண்ணைக்காரருக்குத் தன் வைக்கோலைத் தின்னும் 400 எல்க் அதிகம். பக்கத்துப் பண்ணைக்காரர் யாரையும் உள்ளே விடாமல் பூட்டிவைத்திருப்பார், வேட்டை தொடங்கிய மறுநாளே எல்க் அங்கே போய்விடும். பெண் எல்க் லைசென்ஸை இரட்டிப்பாக்கினாலும் பூட்டிய வாசலுக்குள் போக வழியில்லையென்றால் மந்தை குறையாது, பொதுநிலத்தில் மிஞ்சியிருக்கும் சில எல்க் மட்டும் தீரும். அங்கே லைசென்ஸைவிட வாசற்படிப் பேச்சுதான் உதவும். வேலியும் இதே வகைப் பேச்சுதான். பிராங்ஹார்ன் பொதுவாக வேலியைத் தாண்டாது, அடியில் நுழையும். கீழ்க்கம்பி முள்ளில்லாமல் தரையிலிருந்து 16 அங்குலம் இருந்தால் போதும். மான் தாண்ட மேல்கம்பி 42 அங்குலத்துக்கு மேல் போகாமல், மேலிரண்டு கம்பிக்கும் நடுவே 12 அங்குலம் விட வேண்டும். நெருக்கமாக இருந்தால் மானின் பின்னங்கால் அந்த இரண்டு கம்பிக்கும் நடுவில் முறுக்கிக்கொண்டு தொங்கிச் சாகும்.

படிப்பைப் பொறுத்தவரை, இளங்கலை வனவிலங்கு உயிரியல் நுழைவுச்சீட்டு, முதுகலை இல்லாமல் மந்தைப் பொறுப்பு கிடைப்பது இப்போது கடினம். மத்திய அரசுப் பணிக்கு வனவிலங்குப் பாடத்தில் 9, விலங்கியலில் 12, தாவரவியலில் 9 பருவ மணிகள் (செமஸ்டர் கிரெடிட்) கேட்கிறார்கள். நம்மூர் விலங்கியல் பட்டதாரிகள் பெரும்பாலும் தாவரவியலில் தடுக்கி விழுகிறார்கள். மத்தியப் பணிகள் பொதுவாகக் குடிமக்களுக்கே. மாநிலப் பணிக்கு விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், விண்ணப்பிக்கும் முன் அறிவிப்பைப் படியுங்கள். வெளிநாட்டு மாணவர் நுழைய நடைமுறையான வழி, மாநிலத் துறையின் பணத்தில் நடக்கும் ஆய்வுத் திட்டம் உள்ள பேராசிரியரிடம் முதுகலை சேர்வது. பல்கலைக்குப் பொதுவாக விண்ணப்பிக்காதீர்கள், பேராசிரியருக்கு நேராக எழுதுங்கள். இடையில் சில பருவங்கள் தற்காலிகத் தொழில்நுட்பராக வேலை செய்திருப்பது கிட்டத்தட்ட எழுதப்படாத தகுதி. புள்ளியியலும், அதற்கான ஆர் என்ற கணினி நிரல்மொழியும் கைவர வேண்டும். டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டத் தெரியுமா என்றும் கேட்பார்கள், விளையாட்டுக்கு அல்ல.